வைஃபை ஃபுல், நெட் இல்லை: தோட்டத்து வாசிகசாலைக்கு ஒரு வலையமைப்பு

கேள்வி சுருக்கமாக இதுதான். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து வாசிகசாலைக்கு ஐந்து பழைய டெஸ்க்டொப் கணினிகளும் ஒரு பிரிண்டரும் கிடைத்திருக்கின்றன. 4ஜி ரவுட்டர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து இணைக்க என்ன வாங்க வேண்டும், "வைஃபை ஃபுல்லா காட்டுது, ஆனா நெட் வரல" என்று பிள்ளைகள் சொன்னால் எங்கே பார்க்க வேண்டும், 60 மீட்டர் தள்ளியிருக்கும் பிள்ளை மடுவத்துக்கும் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) இழுக்கலாமா, ஒரு கேமரா பூட்டி வீட்டிலிருந்து பார்க்கலாமா?

தம்பி, பிள்ளைகள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்களே, அதில் இருந்தே தொடங்குவோம். வைஃபையின் கோடுகள் உங்கள் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில் சிக்னல் எப்படி என்பதை மட்டும்தான் காட்டும். ரவுட்டருக்கும் மலைமேல் நிற்கும் கோபுரத்துக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று அந்தக் கோடுகளுக்குத் தெரியாது. ரவுட்டரிலிருந்து சிம்மைக் கழற்றி எடுத்துவிட்டாலும் கோடுகள் அப்படியே நிற்கும். சிம் இல்லாமலே ஐந்து கணினியும் ஒன்றோடொன்று கோப்பு மாற்றிக்கொள்ளும், பிரிண்டரும் அச்சடிக்கும். ஆக, இங்கே இருப்பது இரண்டு வலையமைப்பு: அறைக்குள் இருக்கும் உங்களுடையது, வெளியே இருக்கும் இண்டர்நெட். இரண்டுக்கும் நடுவில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நிற்பது ரவுட்டர். கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதலில் உள்ளே கட்டுவோம்.

டெஸ்க்டொப்களை வைஃபையில் விடாதீர்கள். பழைய கணினிகளில் பெரும்பாலும் வைஃபை இருக்காது. யூஎஸ்பி வைஃபை குச்சி ஐந்து வாங்கும் காசை வயருக்குப் போட்டால் பல வருடம் தொல்லையில்லை. வைஃபை போன்களுக்கும் லெப்டொப்களுக்கும் இருக்கட்டும். வீட்டு 4ஜி ரவுட்டர்களின் பின்பக்கம் இரண்டு அல்லது நான்கு போர்ட்தான், அதாவது வயர் குத்தும் வாய்தான், இருக்கும். ஐந்து கணினி, பிரிண்டர், ரவுட்டருக்குப் போகும் வயர் என்று எண்ணினால் ஏழு. எனவே எட்டு போர்ட் உள்ள கிகாபிட் சுவிட்ச் ஒன்று வாங்குங்கள். கணினி வயர்களையெல்லாம் ஒன்றாகச் சேர்க்கும் பெட்டி அது; கிகாபிட் என்றால் வேகம் 1000 எம்பிபிஎஸ் (நொடிக்கு 1000 மெகா பிட்). 'அன்மேனேஜ்ட்' வகையே போதும். அமைப்பு எதுவும் செய்யத் தேவையில்லை, குத்தினால் வேலை செய்யும். நன்கொடைப் பெட்டியில் 'ஹப்' என்று எழுதிய பழைய சாமான் ஏதும் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஹப் தனக்கு வந்ததை எல்லாப் போர்ட்டுக்கும் அள்ளி வீசும். சுவிட்ச் அப்படியல்ல. ஒவ்வொரு கணினியின் நெட்வேர்க் கார்டிலும் ஆலையிலேயே பதித்த 48 பிட் எண் ஒன்று இருக்கிறது, அதற்கு மேக் முகவரி என்று பெயர். எந்த மேக் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று சுவிட்ச் தானாகக் கற்றுக்கொண்டு, உரிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும்.

சுவிட்சில் பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தனியாகத் தொங்கும் வயர் நுனியை யாராவது நல்ல மனதோடு காலிப் போர்ட்டில் குத்துவார்கள். மறுநுனியும் அதே சுவிட்சில் இருக்கும். அப்போது எல்லோருக்கும் போகவேண்டிய அறிவிப்புச் செய்தி வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பெருகி, சில நொடியில் முழு வலையமைப்பும் அடைத்துக்கொள்ளும். எல்லா விளக்கும் ஒன்றாக வெறிபிடித்தது போல மின்னினால், கணினிகளைத் தொடாமல் முதலில் அந்த வயரைத் தேடுங்கள்.

இனி வயர். கேட் 5ஈ என்ற வகை நெட்வேர்க் வயர் போதும், கேட் 6 கிடைத்தால் நல்லது. இரண்டும் கிகாபிட் ஓடும், இரண்டுக்கும் எல்லை 100 மீட்டர். கடையில் மலிவாகத் தருவது பல நேரம் சிசிஏ, அதாவது அலுமினியக் கம்பிக்கு மேல் செம்புப் பூச்சு. கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது எளிதில் முறியும், தடை அதிகம், ஈரமான மலைக்காற்றில் நுனி சீக்கிரம் அரித்துப் போகும். சுவரோடு போகும் நீண்ட வயருக்கு முழுச் செம்புதான் எடுக்க வேண்டும்.

நுனியில் ஆர்ஜே45 பிளக் அடிக்கும் வரிசை இது. பிளக்கின் கொக்கி கீழே இருக்க, வயர் நுழையும் வாய் உங்களைப் பார்க்கப் பிடித்தால் இடமிருந்து வலமாக: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு நுனியிலும் இதே வரிசை. பச்சைச் சோடி மட்டும் பிரிந்து நீலத்துக்கு இரு பக்கமும் நிற்பதைக் கவனியுங்கள். புதிதாக அடிப்பவர்கள் சோடி சோடியாக நேரே அடுக்கிவிடுவார்கள். இரு நுனியும் ஒரே மாதிரி என்பதால் சாதாரண டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும், வயர் நல்லது என்று நம்பிவிடுவோம். ஆனால் ஒன்றாக முறுக்கிய இரண்டு கம்பிதான் வெளி இரைச்சலைத் தங்களுக்குள் கழித்துக்கொள்ளும். சோடி மாறினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இரண்டு மீட்டரில் வேலை செய்யும், இருபது மீட்டரில் திக்கித் திணறும். அதே காரணத்தால் முறுக்கை அவிழ்ப்பதும் 13 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். வெளித்தோலின் நுனி பிளக்குக்குள் போய் அழுத்துப்பட வேண்டும். இல்லாவிட்டால் வயரை இழுக்கிற ஒவ்வொரு தடவையும் பாரம் மெல்லிய கம்பிகளில் விழும்.

கணினியில் வேகம் 1000க்குப் பதில் 100 என்று காட்டினால், கணினியின் கார்டே பழையதாக இருக்கலாம். மற்றக் கணினிகளில் 1000 காட்டி இது மட்டும் 100 என்றால் பிளக்கைச் சந்தேகியுங்கள். 100 எம்பிபிஎஸ் ஓட 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பி போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒன்று தொடாவிட்டால் பெரும்பாலும் இணைப்பு அறாது, வேகம் மட்டும் இறங்கிவிடும்.

வயர் முடிந்தது, அடுத்தது முகவரி. பாடப் புத்தகத்தில் இது பெரிய அத்தியாயம்; உங்களுக்கு வேண்டியது நாலே விஷயம். ஐபி முகவரி என்பது 0 முதல் 255 வரையான நான்கு எண்கள், உதாரணம் 192.168.1.101. சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண் ஒன்றாக இருப்பவர்கள் எல்லாம் ஒரே அறையில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி 254 பேருக்கு இடம் உண்டு. கேட்வே என்பது வெளியே போகிற வாசல், அதாவது ரவுட்டரின் உள் முகவரி. டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் சேவை. நமக்கு '.இலங்கை' என்று தமிழிலேயே முடியும் தளப் பெயர்கள் 2010 முதல் உண்டு; தமிழில் தட்டினாலும் ஆங்கிலத்தில் தட்டினாலும், பெயரை எண்ணாக்கித் தருவது டிஎன்எஸ் வேலை.

இந்த நான்கையும் ஒவ்வொரு கணினியிலும் கையால் எழுத வேண்டாம். ரவுட்டருக்குள் டிஎச்சிபி என்றொரு பகுதி இருக்கிறது. கணினி எழும்பியதும் "எனக்கொரு முகவரி தா" என்று கேட்கும், அது நான்கையும் சேர்த்துக் கொடுக்கும், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.8.1 என்று அடித்தால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். சரியான எண் ரவுட்டரின் அடியில் ஒட்டிய லேபிளில் இருக்கும். அங்கே டிஎச்சிபி கொடுக்கும் முகவரியின் கடைசி எண்ணை 100 முதல் 199 வரை என்று வையுங்கள். கணினிகளும் போன்களும் அதற்குள் வந்து போகட்டும்.

பிரிண்டருக்கு மட்டும் நிரந்தர முகவரி வேண்டும். அது இன்று 105, நாளை 112 என்று மாறினால் கணினிகள் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பிரிண்டர் 'ஒஃப்லைன்' என்று வரும், எல்லோரும் பிரிண்டரைத் திட்டுவார்கள். நெட்வேர்க் போர்ட் உள்ள பிரிண்டர் என்றால் அதன் மெனுவிலேயே 192.168.1.20 என்று எழுதிவிடுங்கள். டிஎச்சிபி வரம்புக்கு வெளியே இருப்பதால் வேறு யாருக்கும் அந்த எண் போகாது. உங்கள் ரவுட்டர் 192.168.8.1 என்றால் பிரிண்டரும் 192.168.8.20 ஆக வேண்டும். யூஎஸ்பி மட்டும் உள்ள பிரிண்டர் என்றால் ஒரு கணினியில் பூட்டி 'ஷேர்' செய்யலாம். அந்தக் கணினி ஓடினால்தான் மற்றவர்களுக்கு அச்சு வரும்.

192.168 என்று தொடங்கும் எண் உலகம் முழுக்க கோடிக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரையும் அப்படியே. 1996இல் இவற்றை உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். அப்படியானால் வெளியிலிருந்து வரும் பதில் எப்படி உங்கள் கணினியைத் தேடி வருகிறது? தோட்டத்துக்குக் கடிதம் வருகிற விதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். லயத்துக் காம்பராக்களுக்கு (தொழிலாளர் வரிசை வீட்டு அறைகளுக்கு) தனித்தனி முகவரி இல்லாத இடங்களில் எல்லாக் கடிதமும் தோட்டத்தின் பெயருக்கே வந்து, அங்கிருந்து ஆள் பார்த்துப் பிரிந்து போகிறது. ரவுட்டரும் வெளியே தன் ஒரே முகவரியைத்தான் காட்டும். எந்தக் கணினி எந்த எண் போர்ட்டிலிருந்து (இது வயர் குத்தும் வாயல்ல, கணினி ஒவ்வொரு கேள்விக்கும் போடும் எண்) கேட்டது என்று ஒரு பட்டியல் வைத்திருந்து, பதில் வந்ததும் பட்டியலைப் பார்த்து உள்ளே கொடுக்கும். இதற்கு நாட் என்று பெயர். உள்ளிருந்து யாரும் கேட்காமல் வெளியிலிருந்து தானாக வரும் ஒன்றுக்குப் பட்டியலில் இடமில்லை, அது வாசலிலேயே நின்றுவிடும். கேமரா விஷயத்தில் இதைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொரு பொறி இருக்கிறது. வைஃபை எட்டவில்லை என்று யாராவது வீட்டில் கிடந்த பழைய ஏடிஎஸ்எல் (டெலிபோன் லைனில் நெட் எடுக்கும்) ரவுட்டரைக் கொண்டுவந்து சுவிட்சில் குத்துவார்கள். அதற்குள்ளும் ஒரு டிஎச்சிபி இருக்கிறது. இப்போது முகவரி கொடுக்க இரண்டு பேர். எவர் முந்துகிறாரோ அவர் சொன்னதைக் கணினி கேட்கும். பழைய ரவுட்டரிடம் வாங்கிய கணினி, இண்டர்நெட்டே இல்லாத அந்தப் பெட்டியை வாசல் என்று நம்பி நிற்கும். மூன்று கணினிக்கு நெட் வரும், இரண்டுக்கு வராது, நாளைக்கு அது மாறும். இந்த மாதிரி ஆள் மாறி ஆள் மாறி வரும் கோளாறு என்றால் முதல் சந்தேகம் இதில்தான் இருக்க வேண்டும். பழைய ரவுட்டரைப் பயன்படுத்தத் தடையில்லை. தனியாக ஒரு கணினியில் பூட்டி, அதன் டிஎச்சிபியை நிறுத்தி, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, அதன் லேன் (உள் வலையமைப்பு) போர்ட்டிலிருந்து சுவிட்சுக்கு வயர் போடுங்கள். அது வெறும் வைஃபை பெட்டியாக நல்லபடி வேலை செய்யும்.

இனி வெளிப்பக்கம். மலைநாட்டில் 4ஜி என்பது கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறதா என்ற கேள்விதான். ஒரே தோட்டத்தில் மேற்பிரிவில் நன்றாக வரும், மலை மறைக்கும் கீழ்ப்பிரிவில் ஒன்றும் வராது. அதனால் சிம் வாங்குமுன் டயலொக், எஸ்எல்டி-மொபிடெல், ஹட்ச் என்று வேறு வேறு சிம் உள்ள போன்களை வாசிகசாலைக்குள் கொண்டுபோய்ப் பாருங்கள். தகரக் கூரை ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும். தகரத்துக்குச் சற்றுக் கீழே அலுமாரி மேல் ரவுட்டரை வைப்பது உயரமான இடம்போலத் தோன்றும், ஆனால் கெட்ட இடம். கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலோரம்தான் அதன் இடம். ஜன்னலில் இரும்புக் கம்பி வலை அடித்திருந்தால் வேறு ஜன்னல்.

கோடுகளை நம்பாமல் எண்களைப் பாருங்கள். ரவுட்டர் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று ஒன்று இருக்கும், மைனஸ் எண்ணாக. கோபுரத்திலிருந்து வரும் சிக்னலின் பலம் அது. மைனஸ் 80 நல்லது, மைனஸ் 100 ஓடும், மைனஸ் 110க்குக் கீழே போனால் கஷ்டம். சிஎன்ஆர் அல்லது எஸ்ஐஎன்ஆர் என்பது இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு தெளிவு என்பது. 20 என்றால் மிக நன்று, 0க்குக் கீழே மோசம். ரவுட்டரை அரை மீட்டர் நகர்த்தி, ஒரு நிமிடம் விட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டே அறையைச் சுற்றுங்கள். சில ரவுட்டர்களுக்கு வெளி அன்டெனா பூட்டலாம். அப்படிப் பூட்டினால் அன்டெனா கேபிள் குட்டையாக இருக்க வேண்டும். மெல்லிய கேபிளில் மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபல் கரைந்துபோகும். பத்து மீட்டர் இழுத்தால் பத்து டெசிபல் போய், சிக்னலில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதைவிட ரவுட்டரையே நல்ல ஜன்னலுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சுவிட்சுக்கு கேட் 5ஈ வயர் இழுங்கள். அது 100 மீட்டர் வரை எதையும் இழக்காது.

பனி மூடினால் நெட் போய்விடும் என்று எங்கும் சொல்வார்கள். மொபைல் நெட்டும் வைஃபையும் ஓடும் அலைவரிசைகளில் மூடுபனியின் பாதிப்பு மிகக் குறைவு. பனிநாளில் உண்மையில் நடப்பது வேறு: நனைந்த மர இலைகள் அலையைக் குடிக்கும், அன்டெனா இணைப்புக்குள் ஈரம் இறங்கும், குளிருக்கு எல்லோரும் வீட்டுக்குள் இருந்து போன் பார்ப்பார்கள். இரவு ஏழு மணிக்கு மேல் மட்டும் வேகம் விழுந்து, ஆர்எஸ்ஆர்பி எண் பகலில் இருந்ததுபோலவே நின்றால், அது கோபுரத்தில் நெரிசல். ரவுட்டரை எங்கே நகர்த்தியும் பலனில்லை. பெரிய டவுன்லோடுகளைக் காலையில் வைத்துக்கொள்வதே வழி.

டேட்டா கணக்கையும் சொல்லிவிட வேண்டும். கம்பனி சொல்வது மெகா பிட், கோப்பின் அளவு மெகா பைட். எட்டு பிட் ஒரு பைட். 20 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 2.5 எம்பி. ஸூம் வகுப்பு ஒன்று ஏறக்குறைய 1.5 எம்பிபிஎஸ் எடுக்கிறது என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 675 எம்பி, ஐந்து கணினியில் தனித்தனியாகப் பார்த்தால் மூன்று ஜிபிக்கு மேல். ஒரே பாடம் என்றால் ஒரு கணினியில் போட்டுப் பெரிய திரையில் காட்டுங்கள். விண்டோஸ் அப்டேட் ஐந்து கணினியிலும் ஒரே நாளில் இறங்கினால் மாதப் பெக்கேஜ் ஆட்டம் கண்டுவிடும். அமைப்பில் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்பதைப் போட்டால் பெரும்பாலான அப்டேட்டைத் தானாக இறக்காது. மாதத்தில் ஒருநாள், இரவு டேட்டா உள்ள பெக்கேஜ் என்றால் ஒரு இரவு, அதை எடுத்துவிட்டு அப்டேட் செய்யுங்கள். செய்யாமலே விடுவதும் தவறு.

இன்னும் ஒரு யோசனை, ஒருமுறை இறக்கிவைத்தால் பிறகு டேட்டாவே தேவையில்லாதது. கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக ஒரு கணினிக்குள் இறக்கிவைத்துப் பரிமாறும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடப் புத்தகங்கள் பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றையும் கடந்தகால வினாத்தாள்களையும் ஒரே கணினியில் 'ஷேர்' செய்த ஃபோல்டரில் போடுங்கள். பெக்கேஜ் முடிந்த நாளிலும் பிள்ளைகளுக்கு வேலை நடக்கும். உள் வலையமைப்பின் உண்மையான பயன் இங்கேதான். பெரும்பாலானவர்கள் இதைத் தொடுவதே இல்லை.

இனி "நெட் வரல" என்ற புகார் வரும்போது. விண்டோஸில் சிஎம்டி கறுப்புத் திரையைத் திறந்து, கிட்டத்திலிருந்து தூரத்துக்கு என்று ஒழுங்காகப் போங்கள். முதலில் கணினியின் பின்புறம் வயர் குத்திய இடத்தில் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் வயர், பிளக் அல்லது போர்ட்; வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை. எரிந்தால் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைத் தட்டுங்கள், கணினியின் முகவரியைக் காட்டும். முகவரி 169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபியிடமிருந்து பதில் வராததால் கணினி தனக்குத்தானே ஒரு எண் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். ரவுட்டருக்கும் சுவிட்சுக்கும் இடையிலான வயரைப் பாருங்கள், ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். முகவரி சரியாக இருந்தால் கேட்வே எண்ணை பிங் செய்யுங்கள்: ping என்று தட்டி எண்ணைப் போட்டால், அந்தப் பக்கம் பதில் சொல்கிறதா என்று கணினி கேட்டுப் பார்க்கும். பதில் வந்தால் உள்பக்கம் சுத்தம்.

அடுத்து பிங் 8.8.8.8. இது கூகுளின் டிஎன்எஸ் கணினி, எப்போதும் விழித்திருக்கும். பதில் வராவிட்டால் கோளாறு ரவுட்டரிலிருந்து வெளியே: சிக்னல், சிம் அல்லது முடிந்துபோன பெக்கேஜ். கணினியில் எதையும் மாற்றாதீர்கள். விண்டோஸைத் திரும்பப் போட்டு நேரம் கெடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். எண்ணுக்குப் பதில் வருகிறது, தளத்தின் பெயரை பிங் செய்தால் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்கிறது என்றால் டிஎன்எஸ் கோளாறு. ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் டிஎன்எஸ் இடத்துக்கு 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் எழுதினால் தீரும். எல்லா பிங்கும் சரி, உலாவி மட்டும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று எல்லாத் தளத்துக்கும் கத்துகிறதா? கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய கணினியின் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்துப்போய்த் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் அந்தத் தேதிக்குப் பொருந்தாது. பேட்டரி மாற்றித் தேதியைச் சரிசெய்தால் போதும்.

கரண்டும் இடியும். ரவுட்டரின் அடப்டரில் பெரும்பாலும் 12 வோல்ட், 1 அம்பியர் என்று இருக்கும். அதே வோல்ட்டேஜ் தரும் சிறிய டிசி யூபிஎஸ், அதாவது கரண்ட் போனால் ரவுட்டரை ஓட்டும் பேட்டரிப் பெட்டி, விற்கிறார்கள். அதன் பேட்டரியில் 3.7 வோல்ட்டில் 8800 எம்ஏஎச் என்று போட்டது உண்மையானால் 32 வாட்-மணி. 8 வாட் இழுக்கும் ரவுட்டருக்கு, விரயம் போக மூன்று மணி நேரம். சுவிட்சின் அடப்டர் 5 அல்லது 9 வோல்ட்டாக இருக்கலாம். அதில் 12 வோல்ட்டைக் குத்தினால் சுவிட்ச் போச்சு. அடப்டர்களில் பெயின்ட் பேனாவால் பெயர் எழுதிவையுங்கள். சித்திரை மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி அதிகம். அந்த நேரத்தில் வாசிகசாலையைப் பூட்டிப் போகும்போது சுவரில் உள்ள கரண்ட் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, கரண்ட் பிளக்கைக் கழற்ற வேண்டும்; வெளி அன்டெனா இருந்தால் அதன் கேபிளையும் கழற்ற வேண்டும். இடி இறங்கத் தொடங்கிய பிறகு அதைத் தொடப் போகாதீர்கள், முன்கூட்டியே செய்யுங்கள்.

பிள்ளை மடுவத்துக்கு இழுக்கலாமா என்றீர்கள். 60 மீட்டர் என்றால் அளவுக்குள் இருக்கிறது, ஆனாலும் செம்பு வயரை இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் வெளியே தொங்கவிடாதீர்கள். அருகில் மின்னல் விழுந்தாலே அந்த வயரில் வோல்ட்டேஜ் பாய்ந்து இரண்டு பக்கச் சாமானையும் எரிக்கும். இரண்டு மீடியா கன்வர்ட்டரும் (மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றும் பெட்டி) நடுவில் ஃபைபர் கேபிளும் போடுங்கள். கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது. தாங்கு கம்பியாக இரும்பு சேர்ந்த கேபிள் என்றால் அந்த இரும்பைச் சுவருக்கு வெளியிலேயே பிரித்துக் கட்டிவிட்டு, இழையை மட்டும் உள்ளே எடுங்கள். மடுவத்தில் ஒரு போன் வாட்ஸ்அப் பார்ப்பது மட்டும்தான் தேவை என்றால் இந்தச் செலவும் வேண்டாம், ஒரு டேட்டா கார்ட் போதும்.

பாதுகாப்பில் மூன்று காரியம் அன்றைக்கே முடியுங்கள். ரவுட்டர் பக்கத்தின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வைஃபை பாஸ்வேர்டு அதிலிருந்து வேறாக இருக்கட்டும். வைஃபை பூட்டு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது 3 தெரிவு செய்து, பாஸ்வேர்டு இல்லாமலே பட்டனாலோ பின் எண்ணாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள். வருபவர்களுக்கு 'கெஸ்ட்' வைஃபை கொடுங்கள். உங்கள் ஷேர் ஃபோல்டரும் பிரிண்டரும் அங்கிருந்து தெரியாது. விண்டோஸ் 7க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 ஒக்டோபரோடும் நின்றுவிட்டது. பழைய கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடுவது பற்றி யோசியுங்கள்.

கடைசியாகக் கேமரா. 'போர்ட் ஃபோர்வார்ட்' செய்து, அதாவது வெளியிலிருந்து வருவதைக் கேமராவுக்கு அனுப்பும்படி ரவுட்டரில் அமைத்து, வெளியிலிருந்து பார்க்கலாம் என்று பல வீடியோக்களில் காட்டுவார்கள். மொபைல் சிம்மில் அது பெரும்பாலும் நடக்காது. ரவுட்டர் பக்கத்தில் 'வேன் ஐபி' என்ற எண்ணை, அதாவது ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியை, பாருங்கள். அது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரை ஏதாவதாகவோ தொடங்கினால் சிம் கம்பனியே உங்கள் ரவுட்டருக்கு மேலே இன்னொரு நாட் வைத்திருக்கிறது. உங்கள் ரவுட்டரில் வாசலைத் திறந்தாலும் மேலே உள்ள வாசல் உங்கள் கையில் இல்லை. அதனால், தானே வெளியே போய்க் கேமராக் கம்பனியின் சேவையகத்தோடு பேசும், அப் மூலம் பார்க்கும் வகைக் கேமராவை வாங்குங்கள். அதையும் நாள் முழுக்க நேரலையில் விடாதீர்கள். 1 எம்பிபிஎஸ் வீதம் 24 மணி நேரம் என்றால் 10.8 ஜிபி, ஒரே நாளில். மெமரி கார்டில் பதியவிட்டு, தேவைப்படும்போது மட்டும் திறந்து பாருங்கள். கேமராவோடு வரும் பாஸ்வேர்டைப் பூட்டிய அன்றே மாற்றுங்கள், பிள்ளைகள் வந்து போகும் அறை என்பதால் பெற்றோரிடமும் முதலில் சொல்லிவிடுங்கள்.